வேண்டாம் என்பவருக்கான பக்கம்

பதினெட்டு வீட்டுக் கதவைத் தட்டி, பதினெட்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து போன, ஜன்னல் திரை தைக்கிற கடையில் வேலை பார்க்கும் திரைக்காரியை நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறையின் அம்மாள் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டாள்.

“எல்லாம் சரி. இது வேண்டாம்னு சொல்றவங்க யாரு?”

“அப்படி யாருமே இல்லீங்க. எல்லாரும் சந்தோஷமா போட்டுக் கொடுத்தாங்க.”

“அப்படின்னா நான் இதை வாங்க முடியாது. நாலாம் பக்கம் காலியா இருக்கு பாருங்க.”

திரைக்காரி பார்த்தாள். முதல் பக்கம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கு. இரண்டாம் பக்கம் எப்படி என்பதற்கு. மூன்றாம் பக்கம் வேண்டும் என்பவர்களின் கையெழுத்துக்கு. நாலாம் பக்கத்தின் தலையில், ‘இது வேண்டாம் என்பவர் தம் கையால் காரணம் எழுதுக’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் இல்லை. வேண்டாதவர்கள் இருந்தால்தானே எழுத வேண்டும் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

அக்கம்பக்க நிதி என்று அதற்குப் பெயர். தெருக்காரர்களே யோசித்துத் தெருக்காரர்களே செய்துகொள்கிற சின்னச் சின்ன வேலைகளுக்கு நகராட்சி கொடுக்கிற சின்ன நிதி. சைக்கிள் நிறுத்த ஒரு கம்பி, விளையாட்டு மைதானத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், இருட்டுச் சந்தில் ஒரு விளக்கு, இந்த மாதிரி. பெரிய பாலம் கட்டுகிறவர்கள் இந்த அறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

“முதல் வருஷம் இந்தப் பக்கம் கிடையாதும்மா,” என்றாள் அந்த அம்மாள், பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டே. “பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துல பூந்தொட்டி வைக்கணும்னு ஒரு தெருவே கையெழுத்துப் போட்டுச்சு. நாங்களும் வச்சோம். பார்த்தா, கண்ணு தெரியாத ஒருத்தர் தினம் அந்தச் சுவரைத் தொட்டுக்கிட்டே நடந்து வர்றாரு. அவர்கிட்ட யாரும் கேக்கல. தொட்டியில இடிச்சு முன்பல்லு ரெண்டு போச்சு. அன்னிக்கே இந்தப் பக்கத்தைச் சேர்த்துட்டோம். வேண்டாம்னு சொல்ற ஒரு ஆளையாவது தேடிப் பிடிங்க. வெள்ளிக்கிழமை கடைசி.”

திரைக்காரி டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் கட்டடத்துக்கு ஐந்து மாடி. லிப்ட் கிடையாது, வைக்க இடமும் கிடையாது. மாடிக்கு மாடி, ஏறி வந்த படி முடிந்து அடுத்த படி தொடங்குகிற அந்தத் துளி இடத்தில், அதை எல்லாரும் லேண்டிங் என்றுதான் சொல்வார்கள், உட்கார ஒரு பலகை. முதல் மாடிக்கு ஒன்று, இரண்டாம் மாடிக்கு ஒன்று, மூன்று, நான்கு. ஐந்தாம் மாடிக்குத் தேவையில்லை. அங்கே அவள் வீடு இருந்தது, வீட்டுக்குள் அவள் கணவர் இருந்தார்.

அவரை எல்லாரும் கத்திரி என்பார்கள். கீழே அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருபத்திரண்டு வருஷமாக முடிதிருத்தும் கடை. வாய் ஓய்ந்தால் கை ஓயும், கை ஓய்ந்தால் வாய் ஓயும் என்று கேலி பேசுவார்கள். இரண்டும் ஓயாமல்தான் இருந்தன, ஒரு நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் அவர் சரிந்து விழுகிற வரைக்கும். நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். தையல் எல்லாம் நன்றாகக் கூடிவிட்டது. “படி ஏறலாம். ஆனா ஒவ்வொரு மாடிக்கும் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்த படியில கால் வைக்கணும்,” என்றார் டாக்டர். எங்கே உட்காருவது என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டில் லிப்ட் இருந்திருக்கும்.

“நான் பின்னாடியே ஸ்டூலைத் தூக்கிட்டு வர்றேங்க,” என்று சொல்லிப் பார்த்தாள் திரைக்காரி.

“ஆமா, நான் பெரிய மகாராஜா! பின்னாடியே சிம்மாசனம் வருது. நீ வேலைக்குப் போயிட்டா யாரு தூக்குவா, மந்திரியா?”

மூன்றாவது மாதம் ஒரு நாள், வீம்புக்கென்றே ஸ்டூல் இல்லாமல் இறங்கினார். இறங்குவதில் என்ன இருக்கிறது! ஏறும்போது மூன்றாம் மாடி லேண்டிங்கில் கால் இரண்டும் விட்டுவிட்டது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மேலேயிருந்து பீரோ இறங்கி வந்தான்.

பீரோ என்பது அவன் பெயர் இல்லை. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிறவன். ஒரு காலத்தில் இரும்பு பீரோ ஒன்றைத் தனி ஆளாக முதுகில் சுமந்து ஐந்தாம் மாடிக்கு ஏற்றியதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் வீடு மூன்றாம் மாடியில், அதே லேண்டிங்கைப் பார்த்தபடி. அன்றைக்கு அவன் முதுகில் ஒரு பிரிட்ஜ். தரையில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்து, “வழி!” என்றான். அந்த ஒரு சொல்தான். கத்திரி கையை ஊன்றி, இடுப்பால் நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிரிட்ஜ் போனது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் அழவில்லை, கத்தவில்லை. “வழி விட்டேன்,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. அதுவரை தினம் காலையில் கத்திரிக்கோல்களை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார். அதுவும் நின்றது. திரைக்காரி தினம் அந்த எண்ணெய்ப் புட்டியைப் பார்ப்பாள். மூடி தூசி படிந்து கிடந்தது. அன்றிலிருந்து பீரோவை மாடிப்படியில் எதிரே கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கையெழுத்துக்குப் போனபோதும் பத்தொன்பது கதவில் அந்த ஒரு கதவை மட்டும் தட்டாமல் தாண்டிப் போனாள்.

இப்போது எதிர்ப்பு வேண்டும். எங்கே போவது?

முதலில் ஒரு குறுக்கு வழி பார்த்தாள். முதல் மாடியில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அவளுக்கு உயிர்த்தோழி. “ஒரு எதிர்ப்பு எழுதிக் கொடேன்டி,” என்றாள். டீச்சர் பேனாவைக் கடித்துக்கொண்டு அரை மணி யோசித்து எழுதினாள்: ‘லேண்டிங்கில் பலகை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி மிக நல்ல திட்டம். வெற்றி பெற வாழ்த்துகள்.’

நூலகத்து அம்மாள் படித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“வாழ்த்துகளா? ஏம்மா, எதிர்க்கிறவங்க வாழ்த்து சொல்லுவாங்களா? நிஜமா வேண்டாம்னு நினைக்கிறவங்க இந்தப் பக்கம் பத்தாம இன்னொரு தாள் கேப்பாங்க. போங்க, இன்னும் நாலு நாள் இருக்கு.”

மூக்கு உடைபட்டு வந்த மனைவியைப் பார்த்துக் கத்திரி பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “ஊர்ல அவனவன் எதிரி தொல்லை தாங்காம ஓடுறான். நீ எதிரி கிடைக்காம அலையிற! இந்தக் கட்டடத்துல உனக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு எதிரி. அவனை விட்டுட்டு ஊரெல்லாம் தேடினா?”

“அந்த ஆள் பேச்சை எடுக்காதீங்க.”

“நான் எடுக்கல. நாலாம் பக்கம் எடுக்குது.”

மறுநாள் மதியம் அவள் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள். பீரோ வெளியே வந்தான். தோளில் தூக்குகிற பட்டை, முழங்கையில் பழைய தழும்பு, தலையில் காடு. முடி காதை மூடிக் கழுத்தில் இறங்கிக் கிடந்தது. பார்க்க ரவுடி மாதிரி இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

“எல்லார் கதவையும் தட்டுனீங்க. என் கதவை மட்டும் விட்டீங்க,” என்றான் அவன். முன்பெல்லாம் அண்ணி என்று கூப்பிடுவான். இன்று வெறும் நீங்க.

“இப்பத் தட்டுறேன். நீங்க இதை வேண்டாம்னு எழுதித் தரணும்.”

இப்படி ஒரு வேண்டுகோளை அவன் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டான். இரண்டாம் பக்கத்தில் அவள் வரைந்திருந்த படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தான், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான்.

“யாரு அளந்தது?”

“நான்தான்.” அவளுக்குச் சுருக்கென்றது. “திரை தைக்கிற கடையில இருபது வருஷமா நான்தான் வீடு வீடாப் போய் அளக்கிறேன். ஒரு நூல் பிசகாது.”

“பிசகல. அகலம் சரி, உயரம் சரி. ஆனா இது தொங்குற சாமானுக்கு அளந்த அளவு.” அவன் படத்தைத் திருப்பிக் கொடுத்தான். “திரை ஒரே இடத்துல தொங்கும். படியில போறது எதுவும் ஒரே இடத்துல இருக்காது, திரும்பும். இருங்க.”

உள்ளே போனான். இரண்டு மரப்பெட்டியை எடுத்துவந்து, அவள் படத்தில் பலகை போட்டிருந்த இடத்தில் சுவரோடு ஒட்டி வைத்தான். பிறகு ஒரு மடக்குக் கட்டிலை விரித்துக் கொண்டுவந்தான். “அந்த முனையைப் பிடிங்க. நாம மேல இருந்து இறங்குறோம். நீங்க முன்னாடி.”

இது என்ன கூத்து என்று நினைத்தாலும் பிடித்தாள். நான்கு படி ஏறி, திரும்பி, இறங்கினார்கள். லேண்டிங்கில் அவள் திரும்பினாள். கட்டிலும் திரும்பியது. பாதி திரும்பி, ஒரு கால் பெட்டியில் முட்ட, மறுகால் கைப்பிடிக் கம்பியில் மாட்ட, அப்படியே நின்றுவிட்டது.

“இன்னும் திருப்புங்க.”

“வரல.”

“தள்ளுங்க.”

“வரலேங்கறேன்! செங்குத்தா நிமித்தினா வரும்.”

“நிமித்தலாம்,” என்றான் பீரோ. “கட்டில்ல ஆள் இல்லேன்னா.”

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை.

“நெஞ்சு வலிச்ச அன்னிக்கு அண்ணனை எப்படி இறக்குனாங்கன்னு நினைச்சீங்க?” அவன் கட்டிலைப் பிடித்தபடியே சொன்னான். “ஆம்புலன்ஸ்ல ரெண்டே பேரு. ஒருத்தர் சின்னப் பொண்ணு. நாலாவது மாடி தாண்டறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்கிடுச்சு. தலைமாட்டை நான் வாங்கிக்கிட்டேன். இதே இடம். ஸ்ட்ரெச்சர் திரும்பினப்ப சுவத்துக்கும் அதுக்கும் நடுவுல என் முழங்கை மட்டும்தான் இருந்துச்சு. அண்ணனைச் சாய்க்கக் கூடாதுன்னாங்க. சாய்க்கல. இங்க ஒரு பெட்டி இருந்திருந்தா சாய்ச்சிருப்போம்.”

திரைக்காரி அன்று வீட்டில் இல்லை. கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடியவள். யார் தூக்கினார்கள், எப்படி இறக்கினார்கள் என்று யாரையும் அவள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அவன் முழங்கைத் தழும்பைப் பார்த்தாள். பிறகு பெட்டியில் முட்டிக்கொண்டு நிற்கிற கட்டிலைப் பார்த்தாள். கணவரைக் கீழே இறக்குவதற்கென்று தான் இத்தனை அலைந்து வாங்கப்போன பலகை, இன்னொரு முறை அவருக்கு நெஞ்சு வலித்தால் அவரை இந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும். தன் கையிலிருந்த முனையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? தூக்குறதுதானே என் வேலை.”

“அப்புறம் ஏன் அன்னிக்கு அவரை வழி விடச் சொன்னீங்க?”

பீரோ கட்டிலை மெதுவாகக் கீழே வைத்தான். “முதுகுல பிரிட்ஜ் இருந்துச்சு. நின்னா கால் மடங்கும், மடங்கினா அதோட அண்ணன் மேலதான் விழுவேன். அந்த நேரத்துல வாயில ஒரு வார்த்தைக்கு மேல வராது. கீழ வச்சுட்டு ஓடி வந்தேன், அண்ணனைத் தூக்கிட்டுப் போய் விடலாம்னு. அதுக்குள்ள அவரே எப்படியோ ஏறிட்டாரு. உங்க வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள நீங்க என்னைத் திட்டிக்கிட்டு இருந்தது கேட்டுச்சு. நல்லாவே திட்டுனீங்க. திரும்பிட்டேன்.”

திரைக்காரிக்கு அன்று என்னென்ன சொல்லித் திட்டினாள் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவன் அவள் கையிலிருந்த நாலாம் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு, “இதை வச்சுட்டுப் போங்க. எனக்கு எழுத நேரம் ஆகும்,” என்றான்.

புதன் போயிற்று. வியாழன் போயிற்று. கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவன் கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கேயோ வீடு மாற்றப் போய்விட்டான். சரி, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பக்கத்தையாவது கொடுத்துப் பார்ப்போம் என்று நூலகத்துக்குப் போனாள். அங்கே வரிசையில், தோளில் பட்டையோடு, ஒரு கல்லூரிப் பெண்ணுக்கும் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் நடுவில் பீரோ நின்றுகொண்டிருந்தான். கையில் நாலாம் பக்கம். அதோடு குத்தூசி போட்டு இன்னும் இரண்டு தாள்.

நூலகத்து அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு மூட்டை பருமன்.

‘இப்படி வைப்பதாக இருந்தால் வேண்டாம். முதல் மாடியில் தண்ணீர்க் குழாய் சுவரை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கிறது, அங்கே வலப்பக்கம் வைக்கக் கூடாது. இரண்டாம் மாடியில் கைப்பிடிக் கம்பி வளைந்திருக்கிறது, அலமாரி வரும்போது அங்கேதான் மாட்டும். மூன்றாம் மாடிதான் எல்லாவற்றிலும் குறுகல். நான்காம் மாடியில் ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கும், உட்காருகிறவர் தலையில் இடிக்கும். நிரந்தரமாகப் பலகை வைத்தால் உயிர் போகிற அவசரத்தில் ஒருவரைக் கீழே இறக்க முடியாது. கீல் போட்டுச் சுவரோடு மடக்கினால், மடக்கியபின் நான்கு விரல் கனத்துக்கு மேல் துருத்தாமல் இருந்தால், எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுந்ததும் மடக்கிவிட வேண்டும் என்று எழுதிப் போட வேண்டும். பொருத்துகிற அன்றைக்கு நான் வேலைக்குப் போக மாட்டேன், கூட இருக்கிறேன்.’

“அடேயப்பா,” என்றாள் அந்த அம்மாள், தாளைக் கீழே வைத்து. “நானும் எத்தனையோ பேர் எழுதின ‘வேண்டாம்’ படிச்சிருக்கேன். இப்படி ஒரு ‘வேண்டாம்’ பார்த்ததே இல்லை.” எழுந்து நின்றே முத்திரை குத்தினாள். வாத்தியார் கை தட்டினார். பீரோ அசட்டுத்தனமாகக் கழுத்துக்குப் பின்னால் முடிக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டான்.

நிதி வந்தது. தச்சர் வந்தார். திரைக்காரி மறுபடியும் அளந்தாள், இந்த முறை கட்டிலோடு. சொன்னபடியே பீரோ லீவு போட்டான். ஒவ்வொரு பலகையையும் மாட்டியவுடன் அதன் மேல் ஏறி நின்று திம்திம்மென்று குதித்துப் பார்த்தான். தச்சருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஒரு கீல்கூட முனகவில்லை. அவனைப் போல ஒரு மனுஷனை இத்தனை மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தோமே என்று திரைக்காரி தன்னையே கடிந்துகொண்டாள்.

கத்திரி கீழே இறங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. எண்ணெய்ப் புட்டியை அவரே துடைத்து எடுத்து வந்தார். திரைக்காரி அரை நாள் லீவு. கடையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, நாற்காலியின் மேலிருந்த துணியை உருவி உதறினார்கள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் பீரோ.

கத்திரி அந்தத் தலையை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். “என்னடா இது, தலையா, தோப்பா? இத்தனை மாசமா எவன்கிட்ட வெட்டுனே?”

“யார்கிட்டயும் வெட்டலண்ணே.”

“ஏன்? ஊர்ல கடையே இல்லையா?”

“உங்க கடை பூட்டியிருந்துச்சு,” என்றான் பீரோ, ரொம்பச் சாதாரணமாக.

கத்திரி துணியை உதறி அவன் கழுத்தில் கட்டினார். கத்திரிக்கோல் மட்டும் பேசியது. முக்கால் மணி நேரம். முடிந்ததும் பீரோ கழுத்தைத் தடவிப் பார்த்து, “வரேண்ணே, வரேன் அண்ணி,” என்று சொல்லிவிட்டுப் பட்டையை எடுத்துக்கொண்டு போனான். அண்ணி என்ற சொல் காதில் விழுந்து திரைக்காரிக்கு மனசு நிறைந்துபோனது.

மதியம் கடையைச் சாத்திவிட்டு ஏறத் தொடங்கினார்கள். இறங்குவது பெரிதில்லை, ஏறுவதுதான் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். முதல் மாடிக்கு வந்தபோது பலகை மடக்கப்படாமல் விரிந்தே கிடந்தது. கத்திரி உட்கார்ந்தார். “பார்த்தியா? மடக்கணும்னு அவ்வளவு பெரிசா எழுதிப் போட்டிருக்கு. எவனோ உக்காந்துட்டு அப்படியே போயிருக்கான்.” ஐந்து நிமிஷம் ஆனதும் எழுந்து, தானே மடக்கினார். இரண்டாம் மாடியிலும் பலகை விரிந்து கிடந்தது. “இந்தக் கட்டடத்து ஜனங்களுக்குப் பொறுப்புன்னு ஒன்னு கிடையவே கிடையாது!” மூன்றாம் மாடியிலும் அப்படியே. அவர் மூச்சு வாங்கியதில் திட்ட முடியவில்லை. அங்கே, தான் தரையில் நகர்ந்த அந்த இடத்துக்கு நேர் மேலே, பலகையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பீரோவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

நான்காம் மாடிக்கு வந்தார்கள். அங்கேயும் பலகை விரித்துத் தயாராக இருந்தது. ஜன்னல் கதவை யாரோ தலையில் இடிக்காதபடி சாத்தியிருந்தார்கள். கத்திரி உட்காரக் குனிந்தவர் நின்றார். பலகையின் மேல் வெட்டிய முடித்துணுக்குகள் நாலைந்து கிடந்தன. ஒன்றை விரலால் தொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத் தொழில், தான் வெட்டிய முடி அவருக்குத் தெரியாதா?

“அவன் வீடு மூணாவது மாடியில,” என்றார். “அவனுக்கு நாலாவது மாடியில என்ன வேலை?”

திரைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

“உக்காருங்க,” என்றாள். “இன்னும் ஒரே ஒரு மாடிதான்.”